குடிலில் முளைத்த கோதுமை

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் சாந்தினி சௌக்கின் பகீரத் பேலஸ் சந்துக்குள் நுழைகிறவர் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பார்க்க நேரமில்லை. தலைக்கு மேலே ஒயர்க் குவியல், இடுப்பில் இடிக்கும் அட்டைப் பெட்டிகள், முதுகுக்குப் பின்னால் வழிவிடச் சொல்லிக் கத்தும் சுமைக்காரர். தில்லியின் மின்சாமான் மொத்தச் சந்தை இது. தீபாவளிக்கு விற்று மிஞ்சிய சீரியல் விளக்குச் சரங்கள் இப்போது கிறிஸ்துமஸுக்காக மறுபடியும் மின்னுகின்றன. கடைக்காரர் ஒரு சரத்தைச் சொருகி எரியவிட்டுக் காட்டுகிறார், வாங்க வந்தவர் பேரம் பேசுகிறார், சரம் பைக்குள் போகிறது. தப்பித் தவறி யாராவது நிமிர்ந்து பார்த்தால், பெயர்ப் பலகைகளுக்குப் பின்னால் கிரேக்கப் பாணித் தூண்கள் சில கண்ணில் படும்.

அந்தத் தூண்களுக்குச் சொந்தக்காரராக இருந்த பெண்மணி கிறிஸ்துமஸை மூன்று நாள் கொண்டாடியவர்.

அவர் பேகம் சம்ரு. ஃபர்ஸானா என்ற பெயரில் நடன மங்கையாக வாழ்வைத் தொடங்கி, வால்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவனின் துணைவியாகி, 1778இல் அவன் இறந்த பிறகு அவனுடைய படையையும் மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தனா ஜாகீரையும் தன் கைக்குள் கொண்டுவந்தவர். 1781இல் ஆக்ராவில் ஞானஸ்நானம் பெற்று ஜோவன்னா ஆனார். தலைப்பாகை கட்டிக்கொண்டு ஹூக்கா பிடித்தபடி வெள்ளைக்கார விருந்தினர்களை வரவேற்ற இந்த அம்மாள், கிறிஸ்துமஸ் திருப்பலியில் தொடங்கி விருந்து, நடனம், வாணவேடிக்கை என்று நாட்களை நீட்டிக்கொண்டே போவார். 1806இல் முகலாய அரசர் இரண்டாம் அக்பர் ஷா கொடுத்த தோட்டத்தில் அவர் கட்டிய தில்லி மாளிகைதான் இன்றைய மின்சாமான் சந்தை. அவருக்குப் பிறகு அது தில்லி பேங்க் ஆனது. 1857 கலகத்தில் வங்கி மேலாளர் பெரெஸ்ஃபோர்ட் குடும்பத்தோடு அங்கே கொல்லப்பட்டார். 1940களில் லாலா பகீரத் மல் வாங்கியதில் பகீரத் பேலஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

தில்லி வீடுகளின் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. வேறெங்கோ இருந்து வந்த பண்டிகை, தில்லிக் கடைத்தெருவில் கிடைத்த சாமான்கள். இந்த நகரத்தில் இந்தப் பண்டிகைக்காக வீட்டை அலங்கரித்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தொலைவில் விட்டுவந்த ஒரு வீட்டை நினைத்துக்கொண்டுதான் அலங்கரித்தார்கள். நினைவில் இருந்த பொருள் இங்கே கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சமாளிப்புகளின் வரலாறு இது.

*

வட இந்தியாவில் கிறிஸ்துமஸுக்குப் பெயர் ‘படா தின்’, அதாவது பெரிய நாள். திருநாளின் பெருமையைச் சொல்லும் பெயர் அது. டிசம்பர் கடைசி வாரத்தில் பகல் மெல்ல நீளத் தொடங்குவதால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்களில் அந்தப் பெரிய நாளுக்கு அலங்காரம் செய்தவர்கள் துரைமார்கள் அல்ல, தோட்டக்காரரும் பேரரும்தான். 1822இல் இந்தியா வந்து, 1850இல் தன் நாட்குறிப்புகளைப் புத்தகமாக்கிய ஃபேனி பார்க்ஸ், வேலைக்காரர்கள் வாசலில் பூமாலைத் தோரணம் கட்டிவிட்டு, பழமும் கேக்கும் இனிப்பும் வைத்த தட்டுகளோடு பக்‌ஷிஸ் கேட்டு நின்றதை எழுதியிருக்கிறார். அதே காலத்து வேறு குறிப்புகளில் வாசலின் இரு பக்கமும் வாழைமரம் நிற்கிறது. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பே இருக்காது. வாழைமரம் கட்டி, மாலை தொங்கவிட்டால் அது விசேஷ வீடு. துரை வீட்டு விசேஷம் என்ன விசேஷம் என்று தோட்டக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அவருக்குத் தெரிந்த முறையில் அதைச் சிறப்பித்துவிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஃபேனி பார்க்ஸின் இளமைக்கால நினைவில் கிறிஸ்துமஸ் மரம் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஜெர்மானிய வழக்கமான அந்த மரம் இங்கிலாந்துச் சாதாரணக் குடும்பங்களுக்குள் பரவலாக நுழைந்ததே பிறகுதான். விக்டோரியா அரசியும் கணவர் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு லண்டன் வாரப் பத்திரிகையில் வெளியானது. அதைப் பார்த்துத்தான் மோகம் பிடித்தது. அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் 1843இல் லண்டனில் ஹென்றி கோல் தொடங்கிவைத்ததுதான். ‘தொன்றுதொட்டு வந்த கிறிஸ்துமஸ்’ என்று பின்னால் தில்லி துரைசானிகள் ஏங்கிய பல பொருள்களுக்கு அப்போது ஒரு தலைமுறை வயதுகூட ஆகியிருக்கவில்லை. தில்லி வாசலில் தொங்கிய சாமந்தி மாலை அவற்றைவிட மூத்தது.

பெரிய நாளின் மற்றொரு சடங்கு ‘டாலி’. கூடையிலோ தட்டிலோ ஆரஞ்சு, ஆப்பிள், பாதாம், திராட்சை, கேக் எல்லாம் அடுக்கி, பூவால் அலங்கரித்து, ஒப்பந்ததாரர்களும் ஜமீன்தார்களும் அதிகாரி வீட்டுக்கு அனுப்புவார்கள். பழத்துக்கு அடியில் வேறு ஏதாவது ஒளிந்திருக்கும் என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கே உண்டு. பூவும் பழமும் தவிர வேறெதையும் அதிகாரிகள் வாங்கக் கூடாது என்ற நியதி அப்படி வந்ததுதான். வரவேற்பறை மேசையில் வரிசையாக நிற்கும் டாலிகளே பல வீடுகளில் பாதி அலங்காரம்.

*

வெள்ளைக்காரத் தில்லியின் பழைய மையம் காஷ்மீரி கேட். கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர், 1800இல் உனியாராப் போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தபோது செய்த நேர்த்திக்கடனாகக் கட்டிய செயின்ட் ஜேம்ஸ் ஆலயம் 1836இல் அங்கே அர்ப்பணிக்கப்பட்டது. சுற்றிலும் துரைமாருக்கான கடைகள் முளைத்தன. 1926இல் ஒரு சுவிஸ் தம்பதி தொடங்கிய வெங்கர்ஸ் பேக்கரியின் முதல் முகவரியும் காஷ்மீரி கேட்தான். பிறகு அது புதிதாக எழும்பிய கன்னாட் பிளேஸுக்கு இடம் மாறியது. இன்றும் டிசம்பரில் அங்கே பிளம் கேக்குக்குக் கூட்டம் நிற்கிறது.

கடை இடம் மாறியதற்குக் காரணம் ஊரே இடம் மாறியது. 1911 டிசம்பர் 12 தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். புதுத் தலைநகரைக் கட்டிய லட்யன்ஸ், பேக்கர் கோஷ்டியில் வேலைக்கு வந்த இளம் கட்டடக் கலைஞர் ஹென்றி மெட், புது நகரத்தின் இரண்டு பேராலயங்களையும் வடிவமைத்தார். நாடாளுமன்றத்துக்கு அருகே ஆங்கிலிக்கன் ஆலயம், கோல் டாக் கானா என்னும் வட்டமான தபால் நிலையத்துக்கு அருகே கத்தோலிக்கர்களின் திரு இருதயப் பேராலயம். இரண்டும் 1930களின் நடுவில் முழு வடிவம் பெற்றன. கல்லையும் செங்கல்லையும் தொடர்ந்து கோப்புகள் வந்தன, கோப்புகளைத் தொடர்ந்து குமாஸ்தாக்கள் வந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் மதராஸ் மாகாணத்துக்காரர்கள்.

*

1946இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பட்டபோது ஊரில் தமிழர் கூட்டம் நன்றாகவே வேரூன்றியிருந்தது. பாளையங்கோட்டை, நாகர்கோவில், திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களும் அதில் அடக்கம். லோதி காலனி, கோல் மார்க்கெட், பிறகு ஆர்.கே.புரம் என்று அரசாங்கக் குவார்ட்டர்ஸ்களில் குடியேறினார்கள். கரோல் பாக்கில் வாடகைக்கு இருந்தவர்களை ‘பேரிலேயே கேரல் இருக்கிறதே’ என்று கிண்டல் செய்யவும் முடிந்தது. ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினால் மதராஸ் போய்ச் சேர இரண்டு இரவுகள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 1976இல்தான் வந்தது. கோடை விடுமுறைக்கு ஒரு தரம் ஊருக்குப் போனவர்களால் கிறிஸ்துமஸுக்கும் போக முடியாது. ஆக, ஊர்க் கிறிஸ்துமஸை இரண்டு அறைக் குவார்ட்டர்ஸுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

முதலில் நட்சத்திரம்.

ஊரில் அது எளிது. மூங்கிலைப் பிளந்து மெல்லிய சிம்புகளாக்கி, ஐந்து சிம்பை ஒரு ஐம்முனை நட்சத்திரமாகக் கட்ட வேண்டும். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் இறுக்க வேண்டும். பிறகு உள்மூலைகளில் ஐந்து குட்டைக் குச்சிகளை நெம்பிச் சொருகினால் தட்டையாக இருந்தது வயிறு உப்பிக்கொள்ளும். அதன்மேல் வண்ணக் கண்ணாடித்தாளை மைதாப் பசையால் ஒட்டி, ஒரு முக்கோணத்தை மட்டும் திறந்துவிட வேண்டும்; பல்பு நுழைய அதுதான் வழி. தில்லியில் மூங்கில் சிம்புக்குப் பதில் விளக்குமாற்றுக் குச்சியும் பழைய தட்டியைப் பிரித்த குச்சியும் உதவின. கண்ணாடித்தாளுக்கும் ஜிகினாவுக்கும் சாந்தினி சௌக்கின் கினாரி பஜார் இருந்தது. கல்யாணப் புடவைக்கும் ராம்லீலாக் கிரீடத்துக்கும் சரிகை விற்கும் அதே தெரு. ராவணன் கிரீடத்துக்கு ஒட்டிய ஜிகினாத் தாளின் மிச்சம், இரண்டு மாதம் கழித்துப் பெத்லகேம் நட்சத்திரத்தின் வால் ஆனது.

உலகக் கடைகளில் பல முனைகளோடு தொங்கும் காகித நட்சத்திரத்துக்கு வேறு பூர்விகம். 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊரில், மொராவியன் சபைப் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு வடிவியல் சொல்லிக்கொடுக்கச் செய்த பயிற்சி அது. அதே சபையார் நம் தரங்கம்பாடியில் 1760இலேயே வந்து குடியிருந்தார்கள். ஆனால் நட்சத்திரம் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடியிருப்பு கலைந்துவிட்டதால், தமிழ்நாட்டு நட்சத்திரத்தின் புகழை அவர்கள் கணக்கில் எழுத முடியாது.

அடுத்தது மரம். கடலோரத் தமிழர்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளை. ஊசி ஊசியாகத் தொங்கும் சவுக்கு, அட்டையில் அச்சடித்த ஐரோப்பிய மரத்துக்குப் பார்வைக்குச் சித்தப்பா முறை. தில்லியில் சவுக்குத் தோப்புக்கு எங்கே போவது? பக்கத்து நர்சரியில் மோர்பங்கி கிடைத்தது. மயில் இறகு என்று பொருள்படும் பெயருக்கு ஏற்றபடி தட்டைத் தட்டையான விசிறி இலைகள்; தொட்டியோடு தூக்கிவந்து அறை மூலையில் வைக்கலாம். வசதி உள்ளவர்கள் அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அரவுகேரியா வாங்கினார்கள். அதன் பூர்விகம் பசிபிக் தீவுகள். பெத்லகேமில் மேய்ப்பர்கள் இந்த மூன்றில் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மரத்தின்மேல் பஞ்சு. பஞ்சுதான் பனி. உண்மையான குளிர் வெளியே மூடுபனியாக நிற்க, ரஜாய்க்குள்ளிருந்து கையை நீட்டிப் பிள்ளைகள் பஞ்சைப் பிய்த்துத் தூவினார்கள். தில்லியில் பனிமழை பெய்வதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் வாழ்த்து அட்டைகளில் பெய்ததே! அந்த அட்டைகளும் அலங்காரம்தான். சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சணல் கட்டி, வந்த அட்டைகளை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். எத்தனை வரிசை என்பதில் குடும்பத்தின் செல்வாக்கு தெரியும். யூனிசெஃப் அட்டை, ஊரிலிருந்து பெரியப்பா அனுப்பிய பளபளப்பு அட்டை, 1979இல் தில்லியில் பிறந்த ஆர்ச்சீஸ் நிறுவனத்தின் அட்டை என்று தபால்காரர் கொண்டுவரக் கொண்டுவரச் சணல் தொய்ந்துகொண்டே போகும்.

*

சீரியல் செட்டுக்குத் தனிக் கதை. 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 மின்பல்புகளை எரியவிட்டதுதான் உலகத்தின் முதல் மின் அலங்கார மரம். ஒரு நூற்றாண்டு கழித்துத் தில்லிக் குவார்ட்டர்ஸில் அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்து போராடியது வேறு வகைச் சரத்தோடு. ஆறு வோல்ட் பல்புகள் நாற்பது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால்தான் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் பங்கிடப்பட்டு எதுவும் கருகாமல் எரியும். மின்சாரம் ஒவ்வொரு பல்பையும் கடந்துதான் அடுத்ததற்குப் போக வேண்டும். அதனால் ஒன்று போனால் மொத்தச் சரமும் இருட்டு. எது போனது என்று கண்டுபிடிக்க, நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழியிலும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். முப்பத்தேழாவது குழியில் சட்டென்று அறை முழுக்கச் சிவப்பும் பச்சையும் பற்றிக்கொள்ளும்போது, ‘தொடாதே, தொடாதே’ என்று அப்பா கத்துவார். அந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கிறிஸ்துமஸ் தொடங்கிய நொடி அதுதான்.

மரம், நட்சத்திரம், விளக்கு எல்லாம் இருந்தாலும் கத்தோலிக்க வீட்டில் நடுநாயகம் குடில். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்த குடிலுக்கு இன்று எண்ணூறு வயது தாண்டிவிட்டது. தமிழ் வீட்டுக் குடிலுக்கு இன்னொரு உறவும் உண்டு: பக்கத்து வீட்டு நவராத்திரிக் கொலு. பழுப்புத் தாளைக் கசக்கி மலை, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளம், மணல் கொட்டிப் பாதை, தானியம் முளைக்கவிட்டுப் புல்வெளி. கொலுவில் பார்க் கட்டுகிற பிள்ளையும் குடிலில் பெத்லகேம் கட்டுகிற பிள்ளையும் ஒரே தொழில்நுட்பக்காரர்கள். லோதி காலனி போன்ற இடங்களில் அக்டோபரில் ஒரு வீட்டில் உதவிய பிள்ளைகள் டிசம்பரில் அடுத்த வீட்டில் உதவினார்கள்.

உடைந்துபோன மேய்ப்பனுக்கும் காணாமல்போன ஒட்டகத்துக்கும் தீபாவளிக் கடைகள் கைகொடுத்தன. தில்லிக் குயவர்கள் தீபாவளிக்குச் செய்யும் மண் யானையும், தலையில் விளக்கு ஏந்திய பால்காரியும் குடிலுக்குள் நுழைந்து, ஞானிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

புல்வெளியில்தான் ஊர் வழக்கம் தோற்றது. தெற்கே குடிலுக்குக் கேழ்வரகு தூவுவார்கள். ஒரு வாரத்தில் பச்சென்று விரிந்துவிடும். ஊரிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த கேழ்வரகைத் தில்லி டிசம்பரில் தூவினால் அது மண்ணுக்குள்ளேயே சுருண்டு படுத்துக்கொண்டது. வெப்பம் கேட்கும் பயிர் அது. இரவுக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும் ஊரில் என்ன செய்யும்? தீர்வு பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள்களின் வழக்கத்திலேயே இருந்தது. நவராத்திரிக்கு அவர்கள் மண் தட்டில் வாற்கோதுமை முளைக்கவிடுகிறவர்கள், நம் முளைப்பாரி போல. குளிர்காலப் பயிர்களான கோதுமையும் வாற்கோதுமையும் டிசம்பரை விரும்பும். கோதுமையை ஒரு இரவு ஊறவைத்து, தட்டில் பரப்பி, பகலில் பால்கனி வெயிலிலும் இரவில் சமையலறை மூலையிலும் வைத்தால், இருபத்துநாலாம் தேதிக்கு விரல் உயரம் நிற்கும். தெரியாமலே அவர்கள் ஒரு பழைய ஐரோப்பிய வழக்கத்தையும் தொட்டுவிட்டார்கள். பிரான்ஸின் புரொவான்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று தட்டில் கோதுமை விதைத்துக் கிறிஸ்துமஸ் மேசையில் வைப்பார்கள்.

*

தில்லிக் கிறிஸ்துமஸ் தமிழர்களோடு முடிவதில்லை. உள்ளூர் இந்துஸ்தானிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் படா தின் என்றால் குஜியா, அதாவது நம் சோமாசியின் வடக்கத்திச் சகோதரி. கூடவே ஷக்கர்பாரா, நமக்பாரா. தமிழ் வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் போக, அங்கிருந்து குஜியா வரும். மலையாளிகள் ஊர்ச் சாமான்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை நாடினார்கள். பிற்பாடு முனிர்கா, ஹுமாயூன்பூர் சந்துகளில் நாகா, மிசோ, காசி இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். மலையில் ஊரே கூடிப் பாடும் பண்டிகையை வாடகை மாடி அறைக்குள் அடக்கும் வேலை அவர்கள் கைக்கு வந்தது. டிசம்பர் 25 மாலை கோல் டாக் கானாப் பேராலயத்துக் குடிலைப் பார்க்க வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களே அல்லர். பிள்ளைகளுக்குச் சிவப்புக் குல்லாய் வாங்கி மாட்டிவிட்டு, குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

கிடைத்ததை வைத்துச் சமாளித்த காலம் 2001 ஏப்ரல் 1இல் முடிந்தது என்று சொல்லலாம். நுகர்பொருள் இறக்குமதிமீது எஞ்சியிருந்த அளவுக் கட்டுப்பாடுகளை இந்தியா அன்று நீக்கியது. சீனத்துச் சரங்கள், மடக்கிவைக்கும் பிளாஸ்டிக் மரங்கள், கண்ணாடிபோல் தோன்றும் உருண்டைகள் எல்லாம் சதர் பஜாரில் மலையாகக் குவிந்தன. எல்.ஈ.டி. சரத்தில் ஒரு விளக்கு போனாலும் மொத்தச் சரமும் இருண்டுவிடுவதில்லை. தரையில் உட்கார்ந்து குழி குழியாகத் தேடும் வேலை ஒழிந்தது. வாட்ஸ்அப் வந்தபின் சணலும் ஒழிந்தது. இப்போது கான் மார்க்கெட் கடைகளில் ‘பழைய காலத்து’ மரப்பொம்மையும் துணி நட்சத்திரமும் நல்ல விலைக்குப் போகின்றன. அந்தப் பழைய காலம் பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துடையது. மைதாப் பசை ஒட்டிய கண்ணாடித்தாள் நட்சத்திரம் எந்தக் கடையிலும் இல்லை.

ஆனால் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு தாம்பரத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ போன குடும்பத்தில், இப்போது ஐம்பது வயதைத் தொட்டவர்கள். அங்கே சவுக்கு கிடைக்கிறது, கேழ்வரகு ஒரு வாரத்தில் முளைக்கிறது. அவர்களோ டிசம்பர் முதல் வாரத்தில் மளிகைக் கடையில் நின்று முழுக் கோதுமை கேட்கிறார்கள். கால் கிலோ போதும் என்கிறார்கள். அரைக்கவா என்று கடைக்காரர் கேட்கிறார். வேண்டாம், விதைக்க.